மூன்று மீட்டர் கடற்கரை

பிரான்ஸ் வரைபடத்தில், மேற்கே அட்லாண்டிக்குக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் நிலம் பிரெத்தாஞ். ஆங்கிலத்தில் பிரிட்டனி என்பார்கள். அதன் நுனியில் இருக்கும் மாவட்டத்துக்குப் பிரெஞ்சில் ஃபினிஸ்தேர் என்று பெயர். நிலத்தின் முடிவு என்று பொருள். அதே மாவட்டத்தை அங்குள்ள பிரெத்தோன் மொழியில் பென்-ஆர்-பெத் என்கிறார்கள். பென் என்றால் தலை, முனை. பெத் என்றால் உலகம். பாரிஸில் உட்கார்ந்து பார்த்தால் நிலம் தீர்ந்துபோகிற இடம்; அங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கு உலகத்தின் தலைமாடு.

இந்தத் தலைமாட்டைச் சுற்றி ஒரு நடைபாதை போகிறது. வடக்கே மோன் சேன் மிஷெலில் தொடங்கி, தெற்கே லுவார் ஆறு கடலில் சேரும் சேன் நசேர் பக்கம்வரை 2,000 கிலோமீட்டருக்கும் மேல். ஜிஆர் 34 என்பது அதன் எண். பாறையிலும் வேலிக்கம்பத்திலும் மேலே வெள்ளை, கீழே சிவப்பு என்று இரண்டு பட்டைகள் அடித்திருப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டே போகவேண்டியதுதான். 2018இல் பிரெஞ்சு மக்கள் தங்களுக்குப் பிடித்த நெடும்பாதையாக இதைத்தான் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள்.

சுற்றுலாக் கையேடுகளில் இந்தக் கரைக்கு எப்போதும் ஒரே அடைமொழி: காட்டுக் கடற்கரை. மஞ்சள் பூ மண்டிய முட்புதர், ஊதா ஹெதர், கறுத்த பாறை, வெள்ளை நுரை. மனிதவாடையே இல்லாத இடம் என்று நம்பித்தான் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். ஆனால் அந்தப் பாதைக்கு உள்ளூரில் இன்றும் வழங்குகிற பெயர் வேறு. சுங்கக்காரர் பாதை. காற்று வாங்க யாரும் போட்டதல்ல. ஆளைப் பிடிக்கப் போட்டது. காவலுக்குப் போட்ட பாதை விடுமுறைக்கான பாதையாகவும், ஆட்கள் நிறைந்த கரை காட்டுக் கடற்கரையாகவும் எப்படி ஆயின என்பது இருநூற்றைம்பது ஆண்டுக் கதை. அந்தக் கதைக்குள்ளே ஒரு கேள்வி விடாமல் வந்துகொண்டே இருக்கிறது: கடலோரத்தில் நடக்க யாருக்கு உரிமை?

*

கதை தொடங்குவது கடலில் இல்லை, உப்பில்.

பிரெத்தாஞ் 1532இல் பிரான்சோடு இணைந்தபோது தன் பழைய சலுகைகள் சிலவற்றை விட்டுக்கொடுக்கவில்லை. அவற்றில் ஒன்று, உப்பு வரி கிடையாது என்பது. பிரெஞ்சு அரசர்கள் உப்புக்குப் போட்ட வரிக்குப் பெயர் கபெல். பிரெத்தாஞை ஒட்டிய மேன், ஆன்ஜூ மாகாணங்களில் இந்த வரி உச்சத்தில் இருந்தது. எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வாங்கிய உப்பு, அந்தப் பக்கம் இருபது மடங்குக்கு மேல் விலை போனது. அப்புறம் கேட்கவேண்டுமா? பெண்கள் பாவாடைக்குள் உப்பைக் கட்டிக்கொண்டு போனார்கள். நாய்களின் முதுகில் உப்புப் பையைக் கட்டி எல்லை தாண்ட விட்டார்கள். ஆயுதத்தோடு பிடிபட்டவர்கள் அரசரின் கப்பலில் துடுப்பு வலிக்கப் போனார்கள். வரி வசூலித்த ஆட்களுக்கு மக்கள் வைத்த பெயர் கபலூ. இன்றைக்கும் பிரான்சில் சுங்க அதிகாரியைக் கேலியாக அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஆக, 1789க்கு முந்தைய பிரான்சில் முக்கியமான சுங்கக் கோடுகள் நாட்டுக்குள்ளேயே ஓடின. புகையிலைக்காகக் கடலோரத்திலும் காவல் இருந்தது உண்மை. ஆனால் பெரிய மோதல் எல்லாம் உள்நாட்டில், மாகாண எல்லையில். புரட்சி வந்ததும் இந்தக் கோடுகள் அழிக்கப்பட்டன. 1790இல் கபெல் போனது, உள்நாட்டுச் சுங்கமும் போனது. 1791இல் நாடு முழுவதற்கும் ஒரே சுங்கத் துறை அமைந்தது. நாட்டுக்குள் கோடு இல்லையென்றால், மிச்சமிருப்பது நாட்டைச் சுற்றியுள்ள கோடு மட்டும்தானே? சுங்கக்காரர்கள் வயல்வரப்பிலிருந்து கிளம்பிக் கடல்விளிம்புக்கு வந்தார்கள். பாதை பிறந்தது.

இதில் ஒரு விசித்திரம். வரி ஒழிந்ததும் எல்லோரும் மகிழவில்லை. வரி இருந்ததால்தான் கடத்தலுக்குக் காசு. மேன் பகுதியில் உப்புக் கடத்தி வாழ்ந்த குடும்பங்களுக்கு ஒரே இரவில் பிழைப்பு போயிற்று. புரட்சி அரசுக்கு எதிராக அங்கே எழுந்த கலகத்தின் தலைவர்களில் ஒருவர் ழான் ஷுவான் எனப்பட்ட ழான் கொத்தரோ. பழைய உப்புக் கடத்தல்காரர். அவர் பட்டப்பெயரிலேயே அந்தக் கலகம் வரலாற்றில் நிற்கிறது.

உப்பு வரியும் அப்படியே செத்துப்போய்விடவில்லை. போருக்குப் பணம் தேவைப்பட்டபோது நெப்போலியன் 1806இல் அதை வேறு வடிவில் திரும்பக் கொண்டுவந்தார். கடைசியாக அது ஒழிந்தது 1945இல். அந்தக் காலத்தில் அனுமதியில்லாமல் கடல்நீரை மொண்டுபோவதுகூடக் குற்றம். கண்ணெதிரே கடல். ஒரு வாளி எடுத்தால் சுங்கக்காரர் வருவார்.

*

இந்தப் பாதையில் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஃபினிஸ்தேரின் வடகரையில் ரோஸ்கோஃப் துறைமுகத்தில் தொடங்கி, மேற்கே வந்து, பிறகு தெற்கே திரும்பி, சேன் மத்தியூ முனையில் முடிப்போம். நிதானமாக நடந்தால் பத்துப் பன்னிரண்டு நாள். ஆறுகள் கடலில் சேரும் இடங்களில் ‘அபேர்’ எனப்படும் நீண்ட கழிமுகங்கள் நிலத்துக்குள் கைவிட்டிருக்கும். எதிர்க்கரை கைக்கெட்டும் தூரம்தான், ஆனால் பாலத்துக்காகக் கிலோமீட்டர் கணக்கில் சுற்றவேண்டும்.

ரோஸ்கோஃபின் செல்வத்தில் ஒரு பங்கு கடத்தலால் வந்தது. அரசே அனுமதித்த கடத்தல்! பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்து தேயிலைக்கு விலையைவிட அதிகமாக வரி போட்டிருந்தது. ஆங்கிலக் கடத்தல்காரர்கள் பிரெஞ்சுக் கரைக்கு அருகிலிருக்கும் கெர்ன்ஸி தீவில் சரக்கு வாங்கிப்போவது வழக்கம். இங்கிலாந்து அங்கே பிடியை இறுக்கியதும், பிரெஞ்சு அரசர் 1769இல் ரோஸ்கோஃபுக்கு ஒரு சலுகை கொடுத்தார். தேயிலை, ரம், ஜின் போன்றவற்றை வரியில்லாமல் இங்கே இறக்கிவைத்து, மறுபடி ஏற்றிக்கொண்டு போகலாம். எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. 1784இல் இங்கிலாந்து தேயிலை வரியை ஒரேயடியாகக் குறைத்தபோது அந்தச் சரக்கில் லாபம் விழுந்தது. எதிரி நாட்டுக்குப் போனால் வியாபாரம், நம் நாட்டுக்குள் வந்தால் குற்றம். பாதையில் நடந்த சுங்கக்காரர்கள் பிடித்தது இரண்டாவது வகையை மட்டும்.

நம் பக்கத்துச் சரக்கும் இந்தக் கதையில் உண்டு. பிரெத்தாஞின் தென்கரையில் லோரியான் என்ற துறைமுகம் 1666இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகவே உருவானது. கிழக்கு என்ற பொருளில் வரும் அந்தப் பெயரே, அங்கே கட்டிய ‘கிழக்கின் சூரியன்’ என்ற கப்பலிலிருந்து வந்தது. புதுச்சேரிக்குப் போன கப்பல்கள் இங்கிருந்துதான் பாய் விரித்தன. அவை திரும்பும்போது சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிகளைச் சுமந்துவந்தன. பூ அச்சிட்ட, துவைத்தாலும் சாயம் போகாத அந்தத் துணிக்குப் பிரான்சில் ‘இந்தியேன்’ என்று பெயர். பணக்காரரும் ஏழைகளும் அதன்மேல் பைத்தியமாக இருந்தார்கள். உள்ளூர்ப் பட்டு, கம்பளி நெசவாளர்களைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லி 1686இல் அரசு அதைத் தடைசெய்தது. 1759வரை தடை நீடித்தது. விற்கவும் கூடாது, உடுத்தவும் கூடாது. ஆனால் கம்பெனி அதை லோரியானில் இறக்கி வெளிநாட்டுக்கு விற்கலாம். இறக்கிய துணி முழுவதும் வெளிநாடு போகவில்லை என்பதைச் சொல்லவா வேண்டும்? கப்பல் துறைக்குள் நுழையுமுன்பே மாலுமிகள் தம் சொந்த மூட்டைகளைச் சிறு படகுகளில் கரைக்குத் தள்ளிவிட்டார்கள். நம் தறிகளில் நெய்த துணி, அந்தக் கரையின் இருட்டில் தலைச்சுமையாகப் போயிருக்கிறது.

*

ரோஸ்கோஃபிலிருந்து மேற்கே நாலைந்து நாள் நடந்தால் கெர்லுவான் ஊரில் மெனெஹாம் என்ற குக்கிராமம் வரும். யானைகள் முட்டிக்கொண்டு படுத்திருப்பதுபோல் பெரிய கிரானைட் பாறைகள். அவற்றின் இடுக்கில் ஒரு கல்வீடு, கூரையும் கல். தூரத்திலிருந்து பார்த்தால் அதுவும் பாறைதான் என்று தோன்றும். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கப்பல்களைக் கண்காணிக்கக் கட்டிய காவல்வீடு அது. பின்னால் சுங்கக்காரர்கள் வந்து இந்த ஊரின் காவலர் குடியிருப்பில் தங்கினார்கள். அவர்களும் போன பிறகு மீன்பிடித்து, கொஞ்சம் பயிர்செய்து, கடற்பாசி அள்ளிப் பிழைத்த குடும்பங்கள் குடியேறின. அவர்களும் போய், வீடுகள் சிதைந்து, இப்போது ஓலைவேய்ந்து புதுப்பித்து விடுதியும் கண்காட்சியுமாக இருக்கிறது. இந்தக் கரையின் மொத்த வரலாறும் இந்த ஒரு கிராமத்தில் வரிசையாக வந்துபோயிருக்கிறது.

சுங்கக்காரர் வேலை லேசுப்பட்டதல்ல. குறைந்த கூலி. மழை, காற்று எதுவானாலும் இரவும் பகலும் ரோந்து. ஒரு காவல்வீட்டிலிருந்து கிளம்பி அடுத்த காவல்வீட்டு ஆளைச் சந்தித்துத் திரும்பவேண்டும். பதுங்கியிருந்து பிடிக்கவேண்டிய இரவுகளில் முதுகில் ஒரு மடக்குக் கட்டிலைச் சுமந்துபோய்ப் புதருக்குள் விரித்துப் படுத்துக்கொள்வார்கள். தூங்குவதற்கு அல்ல, காத்திருப்பதற்கு.

அவர்கள் பாதை ஏன் இப்படி வளைந்து வளைந்து போகிறது என்பதற்கு இதுவே காரணம். ஊருக்கு ஊர் போகிற சாலை என்றால் நேராகப் போயிருக்கும். சுங்கக்காரருக்கு ஒவ்வொரு குடாவுக்குள்ளும் எட்டிப்பார்க்க வேண்டும். ஒரு படகு ஒதுங்கக்கூடிய மணல்திட்டு, ஒரு பீப்பாயை ஒளிக்கக்கூடிய பாறைப் பிளவு எதுவும் கண்ணுக்குத் தப்பக்கூடாது. எனவே பாதை விளிம்பை விட்டு விலகாமல், ஏறி இறங்கி, ஒவ்வொரு முனையையும் சுற்றிவருகிறது. இன்று ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று படம் எடுக்கிறோமே, அந்தத் திருப்பங்கள் எல்லாம் சந்தேகப்படுவதற்காகத் தேர்ந்தெடுத்த இடங்கள்.

*

கெர்லுவானைச் சுற்றிய இந்தப் பகுதிக்குப் பகான் நாடு என்று ஒரு பெயர். மதமில்லாதவர்கள் நாடு என்று அர்த்தம் தொனிக்கும். இங்குள்ளவர்களைப் பற்றிப் பரவிய கதை இது: புயல் இரவில் மாட்டின் கொம்பில் விளக்கைக் கட்டிக் கரையில் நடத்திப்போவார்களாம். தூரத்துக் கப்பல் அதை இன்னொரு கப்பலின் விளக்கு என்று நம்பி வந்து பாறையில் மோதுமாம். பிறகு கொள்ளை.

கரை ஒதுங்கிய கப்பலைச் சூறையாடியது உண்மை. அதற்கான வழக்குகள் ஆவணங்களில் ஏராளம். மரமே அரிதான கரையில் ஒரு பலகைகூடப் பொருள்தான். ஆனால் விளக்கு காட்டிக் கப்பலைக் கவிழ்த்தார்கள் என்பதற்கு வரலாற்றாய்வாளர்களுக்கு நிரூபணமான வழக்கு எதுவும் கிடைக்கவில்லை. 1681இல் அரசு வெளியிட்ட கடற்சட்டத்தில் பொய்விளக்கு காட்டுவோருக்கு மரண தண்டனை என்று ஒரு விதி இருக்கிறது. விதி இருந்தால் குற்றம் நடந்திருக்கும் என்று பின்னால் வந்தவர்கள் முடிவுகட்டினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பயண எழுத்தாளர்களுக்கு இது அல்வாபோல இனித்தது. காட்டுக் கரை என்றால் அங்கே காட்டு மனிதர்களும் வேண்டுமல்லவா?

அதே சட்டம்தான் உடைந்த கப்பலின் பொருள் யாருக்கு என்பதையும் சொன்னது. சொந்தக்காரர் ஓராண்டும் ஒரு நாளும் முடிவதற்குள் வந்து கேட்கலாம். கேட்காவிட்டால் அரசருக்கும் கடற்படைத் தலைமைக்கும். கரையில் வாழ்கிறவர் எடுத்தால் திருட்டு, அரசர் எடுத்தால் உரிமை. கடல் கொடுத்ததை எடுத்துக்கொள்ளலாம் என்று தலைமுறைகளாக நம்பியவர்களுக்கு இது புரியவே இல்லை.

இந்தக் கட்டுக்கதைக்கு நேரெதிரான ஒரு நிகழ்வும் உண்டு. 1896 ஜூன் 16 இரவு, கேப் டவுனிலிருந்து லண்டன் போய்க்கொண்டிருந்த ‘டிரம்மண்ட் காசில்’ என்ற பயணிகள் கப்பல், பாதையிலிருந்து தெரியும் மொலேன் தீவின் அருகே பாறையில் மோதிச் சில நிமிடங்களில் மூழ்கியது. சுமார் 250 பேரில் பிழைத்தவர் மூன்றே பேர். உடல்கள் ஒதுங்க ஒதுங்க, தீவுக்காரர்கள் தங்கள் வீட்டின் நல்ல துணிகளை எடுத்துப் போர்த்தி, தங்கள் மண்ணிலேயே அடக்கம் செய்தார்கள். விக்டோரியா மகாராணி நன்றியாகக் கொடுத்தனுப்பியவற்றில் தேவாலயக் கடிகாரம் ஒன்று. குடிநீருக்குத் தவித்த தீவுக்குப் பெரிய மழைநீர்த் தொட்டி ஒன்றும் கிடைத்தது.

*

அடுத்த ஊர்ப்பக்கம் ப்ளூகெர்னோ. கடலுக்குள் கன்னித் தீவின் கலங்கரை விளக்கம் நிற்கிறது. 1902இல் கட்டிமுடித்தது, உயரம் 82.5 மீட்டர். அண்ணாந்து பார்ப்பதை நிறுத்திக் காலடியைப் பார்த்தால் இன்னொன்று தெரியும். புல்தரையில் கல் பதித்த நீளமான குழிகள், ஏதோ பழைய கல்லறைகள்போல. அவை கடற்பாசி சுட்ட அடுப்புகள்.

பாசியை அறுத்து, தரையில் பரப்பிக் காயவைத்து, குழியில் அடுக்கி எரிப்பார்கள். நாள்முழுதும் எரிந்து அடியில் இறுகுவதைப் பாளமாகப் பெயர்த்தெடுத்து ஆலைக்கு விற்பார்கள். 1811இல் வெடியுப்பு தயாரிக்கும் தொழிலில் இருந்த பெர்னார் கூர்த்துவா, இந்தப் பாசிச் சாம்பலிலிருந்து ஊதா ஆவி கிளம்புவதைக் கண்டார். அதுதான் அயோடின். காயத்துக்கு அயோடின் தடவும் வழக்கம் பரவப் பரவ, இந்தக் கரை முழுதும் புகைந்தது. லெ கொங்கே போன்ற ஊர்களில் ஆலைகள் வந்தன. அறுக்கவும் அள்ளவும் காயவைக்கவும் பெண்களும் குழந்தைகளும் இடுப்பளவு நீரில் நின்றார்கள். பிறகு சிலி நாட்டு வெடியுப்புச் சுரங்கங்களிலிருந்து மலிவான அயோடின் வந்தது. இருபதாம் நூற்றாண்டில் அடுப்புகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

பாசித் தொழில் முற்றிலும் போய்விடவில்லை. இன்னும் தெற்கே இருக்கும் லானில்துத், ஐரோப்பாவிலேயே அதிகம் பாசி இறங்கும் துறை. படகில் பொருத்திய கொக்கி போன்ற இயந்திரக் கை பாசியைத் திருகிப் பிடுங்குகிறது. அதிலிருந்து எடுக்கும் அல்ஜினேட் ஐஸ்கிரீமிலும் மருந்திலும் சேர்கிறது. ஆனால் இன்று அது படகில் ஓரிருவர் செய்யும் வேலை. கரையில் ஊரே நின்ற காலம் முடிந்தது. முட்புதரை வெட்டி நசுக்கிக் குதிரைக்குத் தீனி போட்டார்கள், ஹெதரை வெட்டி மாட்டுக்குப் படுக்கை போட்டார்கள், பாறைமேட்டில் ஆடு மேய்த்தார்கள். அதெல்லாம் நின்ற பிறகுதான் புதர் தன்னிஷ்டத்துக்கு மண்டியது. மனிதக் கை படாத இயற்கை என்று நாம் ரசிப்பதில் பாதி, வேலை நின்றுபோன இடத்தில் வளர்ந்தது.

*

வேலை போன கரைக்கு விடுமுறை எப்படி வந்தது?

1847 மே மாதம் இரண்டு இளைஞர்கள் முதுகுப்பையும் கைத்தடியுமாகப் பிரெத்தாஞ் பக்கம் கிளம்பினார்கள். குஸ்தாவ் ஃப்ளோபேர், மக்ஸிம் த்யூ கான். மூன்று மாதம் சுற்றிவிட்டு, ஒற்றைப்படை அத்தியாயங்களை ஒருவர், இரட்டைப்படை அத்தியாயங்களை மற்றவர் என்று பங்குபோட்டு எழுதினார்கள். ஃப்ளோபேருக்கு அப்போது இருபத்தைந்து வயது, ‘மதாம் பொவாரி’ இன்னும் பத்தாண்டு தூரத்தில் இருந்தது. பணமும் நேரமும் உள்ளவர்கள் வேலையில்லாமல் சும்மா நடப்பது இந்தக் கரைக்குப் புதுசு. சுங்கக்காரர் இன்னும் ரோந்து போய்க்கொண்டிருந்த காலம் அது. அப்படி நடந்தவர்களைச் சந்தேகக்கண்ணோடுதான் பார்த்திருப்பார்கள்.

1865இல் பாரிஸிலிருந்து பிரெஸ்த்வரை ரயில் வந்தது. ஓவியர்கள் வந்தார்கள். 1886இல் கோகேன் பொந்த்தாவனுக்கு வந்தார். அதே ஆண்டு மொனே பெல்லீல் தீவின் காட்டுக் கடற்கரைப் பாறைகளை வரைந்தார். 1936இல் பிரெஞ்சுத் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை சட்டமானது. கடலைப் பார்ப்பது வசதியானவர்களுக்கு மட்டும் உரியது என்ற நிலை மாறத்தொடங்கியது.

அதற்குள் போர். 1942 முதல் ஜெர்மானிய ராணுவம் இந்தக் கரை நெடுகக் கான்கிரீட் கொட்டியது. கரையை நெருங்கவே தடை. கெர்மோர்வான் முனையிலும் சேன் மத்தியூ அருகிலும் அந்தப் பதுங்கறைகள் இன்றும் புல்லுக்குள் கிடக்கின்றன. சுங்கக்காரர் பாதையோ அதற்கு முன்பே கைவிடப்பட்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து புதர்மூடிக் கிடந்தது. அதன் ஒரு துண்டை வெட்டித் திறந்து, வெள்ளை-சிவப்புப் பட்டை அடித்து, ஜிஆர் 34 என்று எண் கொடுத்தது 1968இல்.

*

திறந்து பத்து ஆண்டுதான் ஆகியிருந்தது. 1978 மார்ச் 16. ‘அமோகோ காடிஸ்’ என்ற எண்ணெய்க் கப்பல். லைபீரியக் கொடி, அமெரிக்க முதலாளி, பாரசீக வளைகுடாவின் கச்சா எண்ணெய். காலையில் சுக்கான் பழுதானது. இழுவைக் கப்பல் வந்தது, ஒப்பந்த விதிகளைப் பற்றி வாக்குவாதம் நடந்தது, கயிறு கட்டினார்கள், அறுந்தது, மறுபடி கட்டினார்கள். இரவில் போர்சால் ஊருக்கு எதிரே பாறையில் உட்கார்ந்தது. சுமார் 2,20,000 டன் எண்ணெய் முழுவதும் கடலில். 300 கிலோமீட்டருக்கு மேல் கரை கறுத்தது. ராணுவ வீரர்களும் மாணவர்களும் விவசாயிகளும் வாளியும் மண்வெட்டியுமாக அள்ளினார்கள். சாணி உறிஞ்சும் பண்ணை வண்டிகளால் எண்ணெயை உறிஞ்சினார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது முக்கியமானது. போர்சாலை உள்ளடக்கிய ப்ளூதால்மெசோவின் மேயர் அல்ஃபோன்ஸ் அர்ஸெல், கரையோர ஊர்களை ஒன்றுதிரட்டினார். பாரிஸில் வழக்குப் போடவில்லை. கம்பெனியின் தலைமையகம் இருந்த சிகாகோவுக்கே போனார்கள். மீனும் உருளைக்கிழங்கும் தெரிந்த ஊர்கள், உலகின் பெரிய எண்ணெய் நிறுவனம் ஒன்றை அதன் சொந்த ஊர் நீதிமன்றத்தில் நிறுத்தின. 1992வரை இழுத்தது. கேட்டதைவிட மிகக் குறைவாகத்தான் கிடைத்தது, ஆனால் ஜெயித்தார்கள். கப்பலின் பெரிய நங்கூரம் இன்று போர்சால் துறையில் பாதையோரம் வைக்கப்பட்டிருக்கிறது.

போர்சாலிலிருந்து தெற்கே இரண்டு மூன்று நாள் நடந்தால் கோர்சன் முனை. பிரான்சின் பெருநிலத்தில் மேற்குக்கோடி இதுதான். அங்கே ஒரு கோபுரம். உவெஸ்ஸான் தீவைத் தாண்டிப்போகும் கப்பல்களை ராடாரில் கண்காணிக்கும் நிலையம். விபத்துக்குப் பிறகு கப்பல் தடங்கள் கரையிலிருந்து இன்னும் தள்ளிவைக்கப்பட்டன. மெனெஹாமில் பாறை இடுக்கில் உட்கார்ந்து கடலைப் பார்த்தவரின் வேலையை இப்போது இங்கே திரைமுன் உட்கார்ந்து பார்க்கிறார்கள். ஒரு வித்தியாசம்: பழைய காவல் அரசின் வருமானத்தைப் பாதுகாத்தது. இது கரையையும் கப்பலில் இருக்கும் உயிர்களையும் பாதுகாக்கிறது.

*

சேன் மத்தியூவில் இடிந்த மடாலயமும் கலங்கரை விளக்கமும் ஒட்டி நிற்கின்றன. நம் நடை இங்கே முடிகிறது. கடலுக்கு அப்பால் தெற்கே தெரியும் கரைகளில்தான் கேள்வியின் கடைசிப் பகுதி இருக்கிறது.

அங்கே ரா முனைக்கு அருகில் ப்ளோகோஃப் என்ற ஊரில் அணுமின் நிலையம் கட்ட அரசு முடிவுசெய்தது. 1980 ஜனவரி இறுதியில் பொது விசாரணை தொடங்கியது. ஊர் மன்றம் விசாரணைக் கோப்புகளை எரித்து, அலுவலகத்தை மூடியது. அரசு வேன்களில் கோப்பை வைத்துக்கொண்டு ‘நடமாடும் அலுவலகம்’ நடத்தியது. ஆறு வாரம், தினமும் பெண்களும் கிழவர்களும் காவலர் முன் நின்றார்கள். ஆண்களில் பலர் கப்பல் வேலையில் வெளியூரில் இருந்தார்கள். கையில் கிடைத்தது கல்லும் கவணும். கட்டவிருந்த இடத்தில் ஆட்டுப்பட்டி கட்டினார்கள். 1981இல் மித்தரான் வென்றதும் திட்டம் கைவிடப்பட்டது. அந்தப் பாறைமேட்டில் இன்று நடப்பவர் காண்பது ஹெதரும் கடலும் மட்டும். இயற்கை அதைத் தானாகக் காத்துக்கொள்ளவில்லை.

ரா முனையிலேயே 1960களில் கடைவளாகம் கட்டியிருந்தார்கள். 1996இல் அதை இடித்து, வாகன நிறுத்தத்தைப் பின்னுக்குத் தள்ளி, மிதிபட்டு மொட்டையான மண்ணில் மறுபடி செடி வளர்த்தார்கள். இப்போது பார்ப்பவருக்கு அது என்றென்றும் அப்படியே இருந்ததாகத் தோன்றும்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சட்டம். 1681இன் கடற்சட்டம் கரை என்பதற்கு அழகான வரையறை வைத்திருந்தது: பௌர்ணமி, அமாவாசை ஓதம் மூடித் திறக்கும் இடம், மார்ச் மாதப் பெரும் ஓதம் ஏறும் எல்லைவரை. அதுவரை பொது. அதற்கு மேலே தனியார். ஆனால் பாதை போவது அதற்கு மேலே. இருபதாம் நூற்றாண்டில் மாளிகைகள் வந்தன, வேலிகள் வந்தன, ‘நாய் ஜாக்கிரதை’ வந்தது. 1976 டிசம்பர் 31 அன்று நிறைவேறிய சட்டம், கடலை ஒட்டிய தனியார் நிலங்களில் மூன்று மீட்டர் அகலத்துக்கு நடப்பவர் உரிமை உண்டு என்றது. நிலம் உங்களுடையதுதான், ஆனால் யாரும் நடந்துபோகலாம். பழைய வீடுகளுக்கு விலக்கு: 1976க்கு முன் கட்டிய வீட்டிலிருந்து பதினைந்து மீட்டருக்குள் பாதை வரக்கூடாது. அந்த விலக்கைப் பிடித்துக்கொண்டு மோர்பியான் வளைகுடா போன்ற இடங்களில் சொத்துக்காரர்களும் நடப்பவர் சங்கங்களும் பல பத்தாண்டுகளாக நீதிமன்றம் ஏறுகிறார்கள். அங்கெல்லாம் பாதை திடீரென்று கரையை விட்டு விலகித் தார்ச்சாலையில் மதிலைச் சுற்றிப் போகும். 1975இல் கரையோர நிலங்களை வாங்கிக் காக்க ஒரு பொது நிறுவனம் அமைந்தது. 1986 சட்டம், ஊருக்கு வெளியே கடலிலிருந்து நூறு மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது என்றது. காட்டுக் கடற்கரையின் வெறுமை இப்படித்தான் தாங்கி நிறுத்தப்பட்டிருக்கிறது.

இப்போது கடல் முன்னேறுகிறது. ஒவ்வொரு குளிர்காலப் புயலுக்குப் பிறகும் எங்கேயாவது பாதை சரிந்து, கயிறு கட்டி, உள்ளே தள்ளிப் புதிதாக வெட்டுகிறார்கள். இங்கே அந்தச் சட்டத்தின் ஒரு நுணுக்கம் உதவுகிறது. மூன்று மீட்டரை அளப்பது வரைபடத்தில் போட்ட கோட்டிலிருந்து அல்ல, கடலின் எல்லையிலிருந்து. கடல் பத்து மீட்டர் உள்ளே வந்தால், நடக்கும் உரிமையும் பத்து மீட்டர் உள்ளே வரும். யாருடைய தோட்டத்துக்குள் வருகிறது என்பது அப்புறம் வழக்காகும். அதுவரை, கயிறு கட்டிய இடத்துக்கு நாலடி தள்ளி ஒரு கம்பத்தில் வெள்ளையும் சிவப்புமாகப் புதுப் பெயின்ட் அடித்திருப்பார்கள்.